வெண்மூக்கி காத்த சரிவு

வடக்கே, மரமே முளைக்காத தூந்திரப் பகுதியில், ஒரு பனிமான் கூட்டம் இருந்தது. மொத்தம் அறுபது மான்கள். வெண்மூக்கி என்ற பெண்மான்தான் அவற்றுக்குத் தலைவி.

ஆற்றங்கரையை ஒட்டிய ஒரு மலைச்சரிவை நம்பித்தான் அந்தக் கூட்டம் பிழைத்தது. சரிவு முழுவதும் வெள்ளைப் பாசி படர்ந்திருக்கும். நம் வீட்டில் பிரியாணிக்குப் போடுகிறோமே கல்பாசி, அதற்கு இது ஒன்றுவிட்ட தம்பி. குளிர்காலத்தில் மான்கள் குளம்பால் பனியைத் தோண்டி இதைத்தான் தின்னும். ஆனால் இது ஒரு விரல் உயரம் வளர முப்பது வருடம் ஆகும். அவசரம் என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது.

சில வருடங்களாகக் கோடை நீண்டுகொண்டே போனது. ஆற்றுப் பனி முன்னதாகவே உடைந்தது. சரிவின் ஓரங்களில் பாசி குறைந்துகொண்டே வந்தது. வெண்மூக்கி நாள்தோறும் அந்த ஓரங்களை முகர்ந்து பார்த்து வந்தது.

கோடைதோறும் ஆற்றைக் கடந்து நான்கு கஸ்தூரி எருதுகள் அங்கே வரும். தரைவரை தொங்கும் சடை, பெரிய உடம்பு, பொறுமையான நடை. சரிவில் முளைக்கும் வில்லோ என்ற குட்டைப் புதர்களின் கொழுந்தைத் தின்றுவிட்டுத் திரும்பிப் போகும். அவற்றில் மூத்தது சடையன்.

வெயிலோடு யாரும் சண்டை போட முடியாது. சடையனோடு போடலாம். வெண்மூக்கி தன் கூட்டத்தோடு போய் வழியை மறித்தது.

“இனி இந்தச் சரிவில் யாரும் வாய் வைக்கக் கூடாது. நீங்கள் மட்டுமல்ல, நாங்களும்தான். பாசி கொஞ்சமாவது தேற மூன்று வருடம் இதைச் சும்மா விடப்போகிறோம்” என்றது.

“நாங்கள் பாசியைத் தொடுவதே இல்லையே, அம்மா. புதரைத்தானே தின்கிறோம்” என்றது சடையன்.

“மிதிக்கிறீர்களே!”

சடையன் எதிரே வரிசையாக நின்ற கொம்புகளைப் பார்த்தது. “சரி, உங்கள் இடம்” என்று சொல்லிவிட்டு ஆற்றில் இறங்கியது. மற்ற மூன்றும் அதன் பின்னால் போயின.

வெண்மூக்கி சொன்ன சொல் மாறவில்லை. சரிவின் நடுவே இருந்த பாறைமேல் கோடைப் பகலெல்லாம் நின்று காவல் காத்தது. முயல் வந்தாலும் விரட்டியது. குளிர்காலத்தில் கூட்டத்தைத் தொலைவில் இருந்த மேட்டு நிலத்துக்கு ஓட்டிப் போனது. அங்கே பாசி கொஞ்சம்தான். இரண்டு குளிர்காலம் மான்கள் விலா எலும்பு தெரிய இளைத்தன. தலைவியின் விலாவும் தெரிந்ததால் யாரும் முணுமுணுக்கவில்லை.

ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும். நாள் முழுக்க நின்றால் வாய் சும்மா இருக்குமா? பாறையைச் சுற்றிக் கழுத்து எட்டும் தூரத்தில் இருந்த வில்லோ கொழுந்துகளை வெண்மூக்கி தன்னை அறியாமல் கடித்துக்கொண்டே இருந்தது.

பாறை இடுக்கில் குடியிருந்த குறுவால் என்ற எலி இதைப் பார்த்துவிட்டது.

“அக்கா, யாரும் வாய் வைக்கக் கூடாது என்று சட்டம் போட்டது யார்?”

வெண்மூக்கிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. “வெளியே சொல்லிவிடாதே” என்றது.

மூன்றாம் கோடையில் வெண்மூக்கிக்கு ஒரு கன்று பிறந்தது. அந்தக் கோடையில் சரிவு பச்சைப்பசேல் என்று இருந்தது. புதர்கள் மானின் வயிற்றைத் தொடும் உயரம். சும்மா விட்டதற்கே இப்படிச் செழித்துவிட்டது என்று கூட்டம் பூரித்துப்போனது. பச்சைக்குக் கீழே குனிந்து பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

அடுத்து வந்த குளிர்காலத்தில், பனி பெய்ய வேண்டிய நாளில் மழை பெய்தது. மறுநாளே அது உறைந்தது. மேட்டு நிலம் முழுவதும் கண்ணாடி பூசியது போல இறுகிவிட்டது. குளம்பு உடைந்ததே தவிர, பனிக்கட்டி உடையவில்லை.

“பயப்படாதீர்கள். இப்படி ஒரு நாளுக்காகத்தானே சரிவைக் காத்து வைத்திருக்கிறோம்” என்று சொல்லி வெண்மூக்கி கூட்டத்தை அழைத்து வந்தது.

புதர்களுக்கு அடியில் பனி இளகலாக இருந்தது. மான்கள் ஆவலோடு தோண்டின. கறுத்த சருகு வந்தது. இன்னும் தோண்டின. மேலும் சருகுதான். மூன்று வருடம் புதர்கள் உதிர்த்த இலைகளுக்குக் கீழே, வெளிச்சம் இல்லாமல், பாசி அழுகிக் கூழாகியிருந்தது.

“யார் தின்றது?” என்று கத்தியது ஓர் இளமான். யாருமே தின்னவில்லை. அதுதான் கொடுமை.

“அக்கா, இங்கே வந்து பார்” என்று குறுவால் கூப்பிட்டது.

பாறையைச் சுற்றிக் குறுவால் பனியைக் கிளறிப் போட்டிருந்தது. அங்கே ஒரு வட்டம் மட்டும் வெள்ளைவெளேர் என்று பாசி இருந்தது. வெண்மூக்கியின் கழுத்து எட்டும் தூரம் வரை. அதைத் தாண்டி ஒரு துளிகூட இல்லை.

வெண்மூக்கி ஓயாமல் கடித்ததால் அங்கே புதர் உயரவில்லை; சருகு மூடாமல் பாசிக்கு வெளிச்சம் கிடைத்திருந்தது. அது வெட்கப்பட்டு மறைத்த இடம் மட்டும்தான் உயிரோடு இருந்தது.

“புதரைத்தானே தின்கிறோம் என்று சடையன் சொன்னதைக் காதில் வாங்காமல் போனேனே” என்றது.

பசியோடு கன்று பாசியை நோக்கி மூக்கை நீட்டியது. “தின்னட்டும் அக்கா, பாவம்” என்றது குறுவால்.

“கூட்டத்துக்கு இது ஒரு வேளைக்குக்கூடக் காணாது. விட்டுவைத்தால், இதில் உதிரும் துணுக்கு காற்றில் போய் மற்ற இடத்தில் ஒட்டும். இந்தச் சரிவுக்கு மிஞ்சிய விதை இதுதான்.”

வெண்மூக்கி தன் மூக்காலேயே கன்றைத் தள்ளி நடத்தியது. 

உறைந்த ஆற்றைக் கடந்து, எருதுகள் இருந்த பள்ளத்தாக்குக்கு மான்கள் ஒன்பது நாள் நடந்தன. வழியில் ஐந்து கன்றுகள் விழுந்தன, எழவில்லை. அவற்றில் ஒன்று வெண்மூக்கியின் கன்று. அரை நாள் அதன் பக்கத்தில் நின்றது வெண்மூக்கி. மற்ற மான்கள் காத்துக்கொண்டிருந்தன. பிறகு கூட்டத்துக்கு முன்னே நடந்தது.

பள்ளத்தாக்கில் காற்று பனியைத் துடைத்திருந்ததால் காய்ந்த புல் கிடைத்தது.  சடையன் நகர்ந்து இடம் விட்டது.

வெண்மூக்கி தலையைத் தரை வரை தாழ்த்தியது. “உங்களை விரட்டியது என் தவறு. கோடையில் திரும்பி வாருங்கள்.”

“நாங்கள் எங்கள் வயிற்றுக்குத்தான் தின்றோம், அம்மா. அதனால் உங்கள் பாசி பிழைக்கிறது என்று எங்களுக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் அன்றைக்கு இன்னும் கொஞ்சம் வாதாடியிருப்பேன்” என்றது சடையன்.

கோடையில் எருதுகள் வந்தன. முயல்களும் வந்தன. நாள் முழுக்கப் புதர்களை மேய்ந்தன. கோடை முடிவில், வட்டத்துக்கு வெளியே கிடந்த ஒரு கல்லில், கடுகளவு வெள்ளைத் துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தது.

“இது வளர்ந்து சரிவை மூட முப்பது வருடத்துக்கு மேல் ஆகுமே, அக்கா. நீ பார்க்க மாட்டாயே” என்றது குறுவால்.

“பார்க்க மாட்டேன்” என்றது வெண்மூக்கி. பிறகு எல்லோரும் பார்க்கவே ஒரு வில்லோ கொழுந்தைக் கடித்தது.

ஒன்றைக் காக்கப் புறப்படுபவர், அது யாரையெல்லாம் நம்பி வாழ்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.