தளவாயின் உப்பளப் படம்

"இதுல என்னம்மா குறை? சொல்லிட்டா திருத்திக்கிடுவேன்."

தளவாய் படத்தை மேசைமேல் வைத்தார். வைத்தார் என்று நான் சொல்வது மரியாதைக்கு. கொஞ்சம் ஓங்கித்தான் வைத்தார்.

ஜெனிட்டா பாஸ்போர்ட் படங்களைக் கத்தரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

அவருக்கு ஐம்பத்தாறு வயது. அவளுக்கு முப்பத்து மூன்று. மகள் வயசுப் பிள்ளையிடம் போய்ப் படம் எடுக்கப் படிக்கிறாரே என்று வீட்டில் ஒரே கேலி. அவர் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. தூத்துக்குடியில் கறுப்பு வெள்ளைப் படத்துக்கு அவளை விட்டால் ஆள் கிடையாது. ஊர்ப் புகைப்படச் சங்கம் வருசத்துக்கு ஒருமுறை பன்னிரண்டு படங்களைச் சுவரில் மாட்டும். அந்தப் பன்னிரண்டையும் பொறுக்குகிறவள் அவள்தான்.

அதில் ஒன்று தன்னுடையதாக இருக்க வேண்டும். தளவாய்க்கு வேறு ஆசை எதுவும் இல்லை. மூன்று வருசம் அனுப்பினார், மூன்று வருசமும் திரும்பி வந்தது. இந்த வருசம் மாட்டாமல் விடுவதில்லை என்று ஒற்றைக் காலில் நிற்கிறார்.

படம் உப்பளத்தில் எடுத்தது. கண்ணைக் கூச வைக்கும் வெள்ளை. நடுவில் தலையில் கூடையோடு ஒரு பெண், மையில் முக்கி எடுத்த மாதிரி முழுக் கறுப்பு. இடுப்பு ஒரு பக்கம் லேசாக வளைந்திருந்தது.

"போன்ல போட்டேன். இருநூத்துப் பதினாலு பேரு அருமைன்னு எழுதியிருக்காங்க. அந்த இடுப்பு வளைவப் பாத்து, நாட்டியம் மாதிரி இருக்குன்னு ஒருத்தர் சொல்லுதாரு. முகத்துல அப்படியொரு அமைதி தெரியுதாம். அத எழுதினது காலேஜ் புரொபசரு."

ஜெனிட்டாவின் கத்தரிக்கோல் நின்றது.

"முகத்துலயா?"

"ஆமா."

"முகமே தெரியலயே, அண்ணாச்சி."

"உப்பு வெள்ளையில கேமரா ஏமாந்து போகும்மா. ஆளு இருட்டாத்தான் விழும். நான் அத இன்னுங் கொஞ்சம் இருட்டாக்கினேன். அதுதான கலை."

"யாரு இது?"

"உப்பளத் தொழிலாளி."

"பேரு?"

பெயரைத் தளவாய் கேட்டதே இல்லை.  

ஜெனிட்டா படத்தைத் திருப்பி, அவர் பக்கமே தள்ளினாள்.

"படத்துல இருக்க இவங்ககிட்டயே குடுத்து எப்படி இருக்குன்னு கேட்டுட்டு வாங்க. சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் பட்டியல மூட மாட்டேன்."

"படம் பாக்கத் தெரிஞ்சவங்ககிட்ட கேக்கணும்னுதானம்மா இங்க வந்தேன்."

"நானும் அதத்தான் சொல்லுதேன்."

கத்தரிக்கோல் மறுபடி ஓடத் தொடங்கியது.

தளவாய்க்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் ஆள் பிடிவாதக்காரர். மறுநாள் காலை ஏழு மணிக்கு அளத்தில் நின்றார்.

பெண்கள் கூடையை இறக்கிவிட்டுச் சூழ்ந்துகொண்டார்கள். படம் கைமாறிக் கைமாறிப் போயிற்று.

"இது பேச்சித்தாயி."

"போடி, என் நடை இப்படியா இருக்கும்? இது செம்பகம்."

"நான் என்னைக்கு நீலக் கூடை தூக்குனேன்?"

"நீலமா? இதுல எங்கடி நீலம் தெரியுது? எல்லாம் கரியால்லா கெடக்கு."

வயதில் மூத்தவள் ஒருத்தி படத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். கிட்டே வைத்துப் பார்த்தாள். அப்புறம் அவரிடமே கொடுத்துவிட்டாள்.

"யாரா வேணா இருக்கலாம் சார். மூஞ்சி தெரிஞ்சாத்தான சொல்ல முடியும்?"

"படம் எப்படி இருக்கு?"

"ஆளே தெரியல. நல்லாருக்கு, நல்லால்லன்னு என்னத்தச் சொல்ல?"

எல்லாரும் சிரித்தார்கள். தளவாய் சிரிக்கவில்லை.

அதற்கடுத்த நாள் பக்கத்து அளத்துக்குப் போனார். அங்கேயும் இதே பாட்டுத்தான். வெள்ளிக்கிழமை அலுவலகத்துக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு, பைபாஸ் ரோட்டுக்கு அந்தப்பக்கம் இருந்த அளங்களிலும் விசாரித்தார். கழுத்து கருகிப்போனதுதான் மிச்சம். ஒருத்தர் டீ வாங்கிக் கொடுத்து, எந்தப் பத்திரிகை சார் என்று கேட்டார். அவர் படத்தைப் பார்க்கவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்.

எடுத்த அன்று கேமராவில் விழுந்த படம் அப்படியே இருந்தது, அவர் இருட்டாக்குவதற்கு முன்னால் இருந்த மாதிரி. ஆள் யார் என்று தெரிந்தால் போதும், சனிக்கிழமைக்குள் வேலை முடிந்துவிடும். கறுப்பைக் கொஞ்சங் கொஞ்சமாக வெளிச்சமாக்கினார்.

வானம் போயிற்று. உப்பு வெடித்து வெள்ளைத்தாள் ஆயிற்று. படம் முழுக்கப் புள்ளி புள்ளியாகப் பொரிந்தது. அவர் ஆசை ஆசையாகச் செய்து வைத்த அழகெல்லாம் கண் முன்னாலேயே செத்துக்கொண்டிருந்தது.  ஆனாலும் நிறுத்தவில்லை.

முகம் வந்தது.

நாற்பது வயசு இருக்கும். நெற்றியில் வியர்வை. கண் இரண்டும் நேரே அவரைப் பார்த்தன. வாய் அகலத் திறந்திருந்தது.

அமைதி எதையும் காணோம்.

பாடுகிறாளோ என்று நினைத்தார். வேலைக்காரப் பெண்கள் பாடுவார்கள்தானே. பாட்டுத்தான் என்று மனசைத் தேற்றிக்கொண்டு இரண்டு படத்தையும் பிரிண்ட் போட்டார், கறுத்தது ஒன்று, வெளுத்தது ஒன்று.

சனிக்கிழமை காலையில், முதலில் போன அளத்துக்கே போனார். வெளுத்த படத்தைப் பையிலிருந்து பாதி எடுப்பதற்குள் செம்பகம் சொல்லிவிட்டாள்.

"இது நம்ம முத்துக்கனில்லா. நீங்க வந்த அன்னைக்கு அவ காய்ச்சல்ல கெடந்தா. அந்தா, அம்பாரத்துல உப்பத் தட்டிட்டு வாரா பாருங்க."

உப்பு அம்பாரம் மலையாகக் குவிந்திருந்தது. அங்கிருந்து ஒருத்தி வெறுங்கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, உப்புப் பாத்திகளுக்கு நடுவே போகும் ஒற்றை வரப்பில் நடந்து வந்தாள். தளவாய் எதிரே நடந்தார். வரப்பின் நடுவில் இருவரும் சந்தித்தார்கள்.

"வணக்கம்மா. போன மாசம் நான் ஒங்களப் படம் எடுத்தேன்."

"தெரியும்."

"இது எப்படி இருக்குன்னு சொல்லணும்."

கறுத்த படத்தைத்தான் முதலில் கொடுத்தார். சும்மா இல்லை, அதுதான் அவருக்கு உயிர்.

முத்துக்கனி பார்த்தாள்.

"முகத்த எங்க?"

"அது... வேணும்னேதான் மறைச்சேன்."

"ஏன்?"

நான்கு வருசமாகக் கலை கலை என்று பேசிய மனுசர், அவசரமாக வெளுத்த படத்தை நீட்டினார். அவள் அதை வாங்கி வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்று, நிதானமாகப் பார்த்தாள்.

"இது நாந்தான். கத்துதேன்."

"பாடலியா?"

"தலையில முப்பது கிலோ இருக்கையில யாரு சார் பாடுவா?"

"யாரப் பாத்துக் கத்துனீங்க?"

"ஒங்களத்தான்."

தளவாய் கேமரா வாரை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"வரப்பு ஒரு ஆளு நடக்கத்தான் காணும். நீங்க நடுவுல முட்டி போட்டு ஒக்காந்துட்டீய. வழிய விடுங்க சார்னு சொன்னேன். கேக்கல. மறுக்கா சொன்னேன். மூணாவது தடவ கத்தியே சொன்னேன். சொமையோட திரும்பவும் முடியாது, எறக்கி வைக்கவும் முடியாது. நீங்க ஒத்தக் கண்ண மூடிக்கிட்டு இன்னொரு கண்ண அந்தப் பெட்டிக்குள்ள வச்சிருந்தீய."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன செய்ய? பாத்தித் தண்ணியில எறங்கி ஒங்களச் சுத்திப் போனேன். கால் வெடிப்புல உப்புத்தண்ணி ஏறி ரெண்டு நாளு தரையில பாதம் ஊன முடியல."

கறுத்த படத்தை மறுபடி வாங்கி, அந்த இடுப்பு வளைவின்மேல் விரலை வைத்தாள்.

"இங்க பாருங்க. ஒத்தக் காலத் தூக்கி எறங்கப் போறேன், கூடை சாயுது, அதுக்குத்தான் ஒடம்ப வளைக்கேன். சரியா அந்த நேரத்துல எடுத்திருக்கீய."

அவள் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் தளவாய்க்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். அவமானத்தில் அவருக்குக் காது இரண்டும் சுட்டன. அந்த இருநூற்றுப் பதினாலு பேரில் ஒருத்தர் முகத்தைக்கூட நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஆனாலும் மனுசர் பிடிவாதக்காரர் என்று சொன்னேனே. அன்றைக்குச் சாயங்காலம் பட்டியல் மூடிவிடும். நான்கு வருச ஆசை. அதையும் கேட்டுவிட்டுத்தான் போவது என்று நெஞ்சை நிமிர்த்தினார்.

"டவுன்ல ஒரு சொவர் இருக்கும்மா. நல்ல படமாப் பாத்து மாட்டுவாங்க. ஊரே வந்து பாக்கும். இந்த ரெண்டுல ஒண்ண அங்க குடுக்கலாம்னு இருக்கேன். எதக் குடுக்க? இல்ல, குடுக்கவே வேண்டாமா? நீங்க சொல்றதுதான். சத்தியமா வேற யாரையும் கேக்க மாட்டேன்."

முத்துக்கனி அவரைப் பார்க்கவில்லை. அவர் தோளுக்கு அந்தப்பக்கம் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லுங்கம்மா."

"அத அப்புறம் பேசுவோம். மொதல்ல நவுருங்க சார்."

தளவாய் திரும்பிப் பார்த்தார்.

வரப்பில் மூன்று பெண்கள் தலைச்சுமையோடு ஒருத்தி பின்னால் ஒருத்தியாக நின்றுகொண்டிருந்தார்கள். முன்னால் நின்றவளின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

அவர் ஷூவைக் கழற்றவில்லை. அப்படியே பாத்தித் தண்ணீரில் இறங்கினார்.