தார்ப்பாய்க்கு அடியில்

கறுக். கறுக்.

மண்ணுக்குள் யாரோ உட்கார்ந்து சாவகாசமாக வெள்ளரிக்காய் கடிப்பது போல் ஒரு சத்தம்.

மருதையன் பூவாளியை அப்படியே போட்டுவிட்டு மடத்துக்குள் ஓடினார்.

“அம்மா, பெருச்சாளி! இன்னைக்கும் ஒரு வரிசைக் கிழங்கு காலி. தைப்பூசத்துக்கு நடந்து வர்ற ஜனத்துக்கு அவிச்சுப் போட என்ன மிஞ்சும்? நான் போடுறேன்னு வாயை விட்டுத் தொலைச்சிட்டேனே!”

மடத்தை நடத்தும் முத்தரசி அம்மாள் அவரைவிட வயதில் சின்னவர். இருந்தாலும் குரு. மனைவி இறந்த பிறகு, வீடே வேண்டாம் என்று அவரிடம் வந்து சேர்ந்தவர் மருதையன்.

“என்ன செய்யலாங்கிறீங்க, சாமி?”

மருதையன் மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக் காட்டினார். “எலி மருந்து. வளைக்கு ஒரு உருண்டை.”

“செத்துக் கிடக்கிற பெருச்சாளியை எது தின்னும்?”

“ஆந்தை... நம்ம நாய்.”

“அந்த மண்ணுல விளையிற கிழங்கை?”

மருதையன் பொட்டலத்தை நீட்டினார். அம்மாள் வாங்கிப் பூட்டி வைத்தார்.

பிறகு, அடியில் ஓட்டை போட்ட பானையில் வைக்கோலும் வறட்டியும் திணித்து, கங்கு போட்டு, ஒரு வளையின் வாயில் கவிழ்த்தார்.

“நான் ஊதுறேன். புகை வர்ற ஓட்டையெல்லாம் அடைச்சிட்டே போங்க. கடைசியா எங்க வருதுன்னு மட்டும் சொல்லுங்க.”

ஊதினார்.

“அம்மா, வாழையடியில வருது!” மண்ணை அள்ளி அடைத்தார். “ஐயோ, கிணத்தடியிலயும்! விடாதீங்க, ஊதுங்க, ஊதுங்க!”

“ஊதிக்கிட்டுத்தான் இருக்கேன். நீங்க முதல்ல வேட்டியைப் பிடிங்க.”

ஒரு கையில் வேட்டி, ஒரு கையில் மண்வெட்டி. தோட்டம் முழுக்க ஓடினார். இத்தனை வயசுக்கு அப்படி அவர் சிரித்ததே இல்லை.

எல்லா ஓட்டையும் அடைபட்டது.

சிரிப்பு நின்றது.

“எங்க வருது, சாமி?”

மருதையன் கையை மட்டும் நீட்டிக் காட்டினார்.

தோட்டத்து மூலையில், தார்ப்பாயின் விளிம்பெல்லாம் புகை கசிந்தது. அடியில் இருந்தவை அவர் வந்த நாளில் வண்டியில் கொண்டுவந்து இறக்கியவை: கட்டில், அண்டா, தகரப் பெட்டி. எப்பவாவது உதவும் என்று மூடி வைத்ததோடு சரி.

தார்ப்பாயைப் பிடித்து இழுத்தார். கொழுத்த பெருச்சாளி ஒன்று அவர் காலை மிதித்து, வேலி தாண்டி, பாறைக் கரட்டுப் பக்கம் பாய்ந்து மறைந்தது.

துரு தின்ற பெட்டிக்குள் ஒரு கூடு. இன்னும் சூடு ஆறவில்லை. கூடு முழுக்க அரக்கு நிற நூல். மனைவியின் கூறைப் புடவை.

நூலை விரலால் தொட்டுப் பார்த்தார்.

“அம்மா, அது திரும்பி வருமா?”

“வீடு இருந்தா வரும்.”

கட்டில் மாட்டுக்கொட்டகைக்குப் போனது. அண்டா சமையல்கட்டுக்கு. பெட்டியைப் பழைய இரும்புக்காரர் தூக்கிப் போனார். நூலை மட்டும் மருதையன் தன் கையாலேயே பானைக் கங்கில் போட்டார்.

மூலை வெறும் தரையானபோது வெயில் ஏறியிருந்தது.

பூவாளி போட்ட இடத்திலேயே கிடந்தது. எடுத்து, விட்ட வரிசையிலிருந்து தண்ணீர் ஊற்றத் தொடங்கினார்.