அண்ணன் கேட்ட தராசு

இந்தக் கதையில் எனக்குப் பல வருடங்களாகச் சந்தேகம். சொன்னவர் அமலோற்பவம், நான் வேலை பார்க்கும் கோளரங்கத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் கோள் உருண்டைகளைத் துடைப்பவர். புதன் என்கிற கோளைவிட, வியாழனின் நிலவான கனிமீடு ஏன் பெரிய உருண்டையாக இருக்கிறது என்று அவரிடம் ஒருமுறை கேட்டுவைத்தேன். அளவு சரிதான், புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கிறது. சந்தேகமெல்லாம் அவர் சொன்ன காரணத்தின் மேல்தான்.

அந்தக் காலத்தில் வானத்தில் இருந்தவர்கள் எல்லோரும் பேசுவார்கள். கோள் என்றும் நிலவு என்றும் பிரிவு கிடையாது. எல்லோரும் சூரியன் வீட்டுப் பிள்ளைகள். வளர்ந்து ஒருவரையொருவர் இடித்துக்கொள்ளத் தொடங்கியதும் சூரியன் ஒரு முறை வகுத்தார். சேர்ந்து வளர்ந்தவர்களில் பெரியவருக்குத் தனிப் பாதை. சின்னவர் அவரைச் சுற்றிவர வேண்டும். வியாழன் கயிற்றை வைத்து ஒவ்வொருவர் இடுப்பையும் அளந்தான். சந்திரன் பூமியில் கால் பங்குதான் தேறினான். முகம் சுளிக்காமல் பின்னால் போனான். சனிக்குக் கயிறு எட்டவில்லை. வளையத்தைக் கழற்றிவிட்டு வா என்று திருப்பி அனுப்பினார்கள்.

அடுத்தது புதன். அவனுக்கு ஒரு தம்பி, கனிமீடு. பின்னால் பிறந்தவன், ஆனால் அண்ணனைவிட அகலம். முந்தின நாளிலிருந்தே புதனுக்குச் சோறு இறங்கவில்லை. போதாக்குறைக்கு வெள்ளி வழியில் நிறுத்திச் சீண்டினாள்.

"இனிமே உன்னைத் தேடவே வேண்டாம்ப்பா. தம்பி எங்கேன்னு கேட்டாப் போதும். அண்ணன் அங்கதான் சுத்திக்கிட்டு இருப்பான்."

கனிமீடு அண்ணனைத் தேற்றப் பார்த்தான். தனக்குப் பாதை கிடைத்தால் தூரத்தில், குளிர்ச்சியான இடமாகக் கேட்கப் போவதாகவும் அங்கே யாருடைய தொல்லையும் இருக்காது என்றும் சொன்னான். "யாரு யாரைச் சுத்தினா என்னண்ணே, கூடத்தானே இருக்கப்போறோம்."

தம்பி ஜெயித்துவிட்ட மாதிரியே பேசுகிறான் என்றுதான் புதனுக்குப் பட்டது. வியாழன் கயிற்றோடு வந்தபோது அதைக் கையால் தடுத்தான்.

"அப்பா, கயிறு வேண்டாம். நிறுத்துப் பாருங்க."

புதனின் உடம்பு பெரும்பாலும் இரும்பு. தம்பியின் உடம்பில் பாதிக்குப் பாதி பனிக்கட்டி. இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். சூரியன் கனிமீடைப் பார்த்தார். அவன் சரி என்று தலையாட்டினான்.

தராசில் ஏறினார்கள். தம்பியின் தட்டு விருட்டென்று மேலே போயிற்று. அவனைப்போல இன்னொருவன் ஏறியிருந்தாலும் இறங்கியிருக்காது. மேலே இருந்தபடியே அவன் சொன்னான்: "உன்னைத் தூக்கிச் சுமந்திருக்கேன்ண்ணே. எனக்கு முன்னாடியே தெரியும்."

புதன் அப்பாவின் காலடியிலேயே பாதை கேட்டு வாங்கினான். எல்லோரும் பார்க்கட்டும் என்ற எண்ணம். தம்பி அவனைச் சுற்றிக்கொண்டு வந்தான். முதல் சுற்றிலேயே உடம்பு நனைந்திருந்தது, வேர்வை என்றான். இரண்டாவதில் நடை தளர்ந்தது. மூன்றாவதில் புதன் திரும்பிப் பார்த்தபோது தம்பிக்குப் பின்னால் நீராவி நெடுந்தூரத்துக்கு நீண்டு கிடந்தது.

"வேர்வைதாண்ணே."

புதன் அப்பாவிடம் ஓடினான். தம்பிதான் பெரியவன், நானே அவனைச் சுற்றுகிறேன், எங்கள் பாதையைத் தள்ளிப் போடுங்கள் என்று கெஞ்சினான்.

"நிறுக்கச் சொன்னது நீதானே," என்றார் சூரியன். தராசில் முடிவானதைத் தன்னால் மாற்ற முடியாது, வேண்டுமானால் தம்பி மட்டும் தள்ளிப் போகலாம் என்றார்.

தூரத்துக் குளிரில் குடியேறியிருந்த வியாழன் வந்து தம்பியைக் கூட்டிப் போனான். அவனைச் சுற்ற ஏற்கெனவே மூன்று பேர் இருந்தார்கள். நான்காவதாக இவனும் சேர்ந்தான். கிளம்பும்போதும் "வரேன்ண்ணே" என்றுதான் சொன்னான்.

அன்று முதல்தான் உருவத்தில் சின்னவனாக இருந்தும் புதனுக்குக் கோள் என்று பெயர். பெரியவனாக இருந்தும் தம்பிக்கு நிலவு என்று பெயர். புதனைச் சுற்றிவர இன்றுவரை யாரும் இல்லை.

அமலோற்பவம் இதை எனக்கு நாலைந்து தடவை சொல்லியிருப்பார். அந்த வேர்வைப் பேச்சு வரும்போது ஒவ்வொரு தடவையும் துடைத்துவைத்த கனிமீடு உருண்டையை எடுத்து மறுபடியும் துடைப்பார். போன வாரம் கேட்டேவிட்டேன்.

"தராசு கேட்டது நீங்களா, உங்க கூடப்பொறந்தவங்களா?"