சபைக்கு வந்த சலவைத்துறை

முன்னொரு காலத்தில், ஊர்களுக்கு மதிப்பெண் போடும் நோய் அப்போதுதான் தேசம் தேசமாகப் பரவிக்கொண்டிருந்த காலத்தில், விசயகீர்த்தி என்றொரு மன்னன் இருந்தான். நல்லவன்தான். ஆனால் யாராவது புகழ்ந்துவிட்டால் போதும், அவனுக்குக் கண்ணும் தெரியாது, காதும் கேட்காது.

அவன் தலைநகருக்குத் தூர தேசத்துப் பண்டிதர் ஒருவர் வந்தார். பெயர் நீதிபாலர். ஐம்பத்தாறு தேசத்துத் தலைநகரங்களையும் முப்பத்திரண்டு அளவைகளால் அளந்து, வாழத் தகுந்த நகரம் எது என்று வரிசை போடுவது அவர் தொழில். மூன்று நாள் அரச விருந்தினராகத் தங்கினார். திரை போட்ட பல்லக்கில் வீதிகளைச் சுற்றினார். வேளாவேளைக்கு அதிரசமும் பாயசமும் சாப்பிட்டார். பிறகு இந்த நகரத்துக்கு இரண்டாம் இடம் என்று அறிவித்தார்.

"இரண்டாம் இடமா!" என்று மன்னன் சிம்மாசனத்தைவிட்டு எழுந்துவிட்டான். "எதில் குறைந்தோம், பண்டிதரே?"

பண்டிதர் ஓலையைப் புரட்டினார். "குடிமக்கள் உடுக்கும் ஆடையின் வெண்மைக்குப் பத்துக்குப் பத்து, மன்னா. அதில் குறையே இல்லை. ஆனால் ஆற்றங்கரையில் ஈரத்துணி தொங்குகிறது, கழுதை கத்துகிறது. அதற்கு மூன்று கழித்தேன். பௌர்ணமியன்று மறுபடி வருவேன். அதற்குள் சரிசெய்தால் முதலிடம்."

தலைமை அமைச்சரான பிரதானி அம்பலவாணர் முந்திக்கொண்டார். "எளிய காரியம், மன்னா. அங்கே இருப்பவை நாற்பது சலவைக் குடும்பங்கள். மலைக்கு அப்பால் அனுப்பிவிடலாம்." மன்னன் தலையசைத்தான்.

சபையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான், சபையைச் சிரிக்கவைக்கும் விகடன் சிட்டையன். எழுந்து நின்று, "மன்னா, வெண்மைக்குப் பத்து வாங்கிக் கொடுத்ததே அவர்கள்தானே? அவர்களையா துரத்துவது?" என்றான்.

சிட்டையனை எப்போது கவிழ்க்கலாம் என்று நாள் பார்த்துக்கொண்டிருந்தவர் அம்பலவாணர். "அவர்கள்மேல் விகடருக்கு இரக்கம் மிகுதி, மன்னா. அந்தப் பொறுப்பை அவரிடமே கொடுங்கள். பௌர்ணமியன்று ஆற்றங்கரையில் ஓர் ஈரத்துணியோ, ஒரு கழுதையோ கண்ணில் பட்டால், அவரும் அவர்களோடு போகட்டும்" என்றார்.

"அப்படியே ஆகட்டும்" என்றான் மன்னன். சலவைத்துறையை ஆற்றங்கரையிலிருந்து அகற்றச் சிட்டையனுக்கு அதிகாரம் என்று முத்திரையிட்ட ஓலையும் கைக்கு வந்தது.

சிட்டையன் ஆற்றங்கரைக்குப் போனான். சேதியைக் கேட்ட சலவைக்காரி மாடத்தி, துவைத்துக்கொண்டிருந்த துணியை அப்படியே கல்லில் போட்டாள்.

"மலைக்கு அந்தப் பக்கம் தண்ணி ஏதுய்யா? வெறும் பாறைல்லா கெடக்கு! என் மருமவ நெறமாசமா இருக்கா. அவளுக்குக் குடிக்கத் தண்ணிக்கு நான் எங்க போவேன்?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பண்டிதரு பல்லக்கைவிட்டு எறங்குனாராய்யா? எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டாரா?" என்றாள்.

"கேக்கலை, மாடத்தி."

"அவரு இடுப்புல கட்டியிருந்த வேட்டியே நான் வெளுத்ததுதான்."

சிட்டையன் துவைகல்லில் உட்கார்ந்து யோசித்தான். பல்லக்குத் திரையை இரண்டு விரலால் விலக்கிப் பார்த்த ஒருவர், நாற்பது அடுப்பை அணைக்கச் சொல்லிவிட்டுப் போகிறார். அதற்குப் பெயர் அளவையாம்! பிறகு பண்டிதர் அரண்மனையில் கொடுத்திருந்த அளவைப் பட்டியலின் நகலை வாங்கி, முப்பத்திரண்டு அளவைகளையும் இரண்டு தரம் படித்தான். இரண்டாம் தரம் படித்து முடித்தபோது அவனுக்குச் சிரிப்பு வந்தது.

பௌர்ணமி வந்தது. பண்டிதரும் மன்னனும் பிரதானியும் விடிந்ததும் நகர்வலம் கிளம்பினார்கள். நண்பகலில் ஆற்றங்கரைக்கு வந்தபோது, அது துடைத்துவிட்டாற்போல் கிடந்தது. கழுதையில்லை, துணியில்லை, மனுஷருமில்லை. பண்டிதர் முகம் மலர்ந்தது. முடிவை அறிவிக்க எல்லோரும் சபா மண்டபத்துக்குத் திரும்பினார்கள்.

மண்டபத்தில் தூணுக்குத் தூண் கயிற்றுக்கொடி கட்டி ஈரத்துணி தொங்கியது. ஒன்பது கழுதைகள் நின்றன. சிம்மாசனத்துக்கு எதிரே துணி அவிக்கும் வெள்ளாவிப் பானை புகைந்துகொண்டிருக்க, மாடத்தியின் ஆட்கள் துவைகல்லில் அடி அடியென்று அடித்துக்கொண்டிருந்தார்கள். மன்னன் ஒன்றும் புரியாமல் சிம்மாசனத்தில் போய் உட்கார்ந்தான். மேலே காயப்போட்டிருந்த வேட்டி அவன் கிரீடத்தில் சொட்டியது. அது அம்பலவாணருடைய சரிகை வேட்டி.

"சிட்டையா! என்ன இது?"

"தங்கள் கட்டளை, மன்னா. ஆற்றங்கரையிலிருந்து அகற்றச் சொன்னீர்கள். அகற்றிவிட்டேன். எங்கே வைப்பது என்று ஓலையில் இல்லை. வாயிற்காவலர்களும் படித்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டார்கள்."

"ஐயோ, முதலிடம் போயிற்றே!" என்று அலறினார் அம்பலவாணர்.

"போகாது பிரதானியாரே. பண்டிதரையே கேளுங்கள்."

பண்டிதர் ஏற்கெனவே ஓலைகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். அவருடைய அங்கவஸ்திரத்தின் முனையை ஒரு கழுதை மென்றுகொண்டிருந்தது. முப்பத்திரண்டையும் பார்த்து முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"கழுதையும் ஈரத்துணியும் ஆற்றங்கரைக்கு மட்டுமே உரிய அளவைகள். சபையில் கழுதை நிற்பதற்கு அளவை கிடையாது. சபைக்கு இருக்கும் ஒரே அளவை தூண்களின் எண்ணிக்கை. மண்டபத்தில் தூண்கள் நூற்றெட்டு, ஆகவே பத்துக்குப் பத்து. மன்னா, ஐம்பத்தாறு தேசத்திலும் வாழத் தகுந்த முதல் நகரம் தங்களுடையதே!"

ஒரு கழுதை கத்தியது. மன்னன் மூக்கில் ஒரு சொட்டு விழுந்தது.

"பண்டிதரே, பிரதானியின் வேட்டி என் தலையில் சொட்டுகிறது. புகையில் கண் எரிகிறது. இதுவா முதலிடம்?"

"அளவைப்படி இதுதான், மன்னா."

சிட்டையன் முன்னால் வந்தான். அவன் குரலில் வேடிக்கை இல்லை. "தங்களுக்கு அரை நாழிகை பொறுக்கவில்லை, மன்னா. நிறைமாதக்காரி ஒருத்தியைத் தண்ணீரில்லாத பாறைக்கு விரட்டினால் நம் மதிப்பெண் ஏறுகிறது. அப்படி ஏறுவது என்ன மதிப்பெண்? இங்கே வாழ்கிறவர்களைக் கேட்டுப் பார் என்று அந்த முப்பத்திரண்டில் ஓர் அளவை உண்டா?"

மன்னன் மாடத்தியைப் பார்த்து, "நீ சொல் அம்மா. இந்த நகரம் வாழத் தகுந்ததா?" என்று கேட்டான்.

மாடத்தி ஈரக்கையைச் சேலையில் துடைத்தாள். "படித்துறையில மூணாம் படி ஒடஞ்சு மூணு வருசமாச்சு, மகராசா. போன ஐப்பசியில ஒருத்தி வழுக்கி விழுந்து, இடுப்பு ஒடிஞ்சு கெடக்கா. மொதல்ல அதைக் கட்டிக் குடுங்க. பொறவு சொல்லுதேன்."

மன்னனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கிரீடத்தைக் கழற்றி உதறிவிட்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தான். "ஐம்பத்தாறு தேசத்து ஓலையில் இல்லாதது இவள் ஒரு பேச்சில் இருக்கிறது! இவர்கள் எங்கும் போகவேண்டாம். பிரதானியாரே, படி கட்டி முடியும்வரை தாங்கள் முழங்கால் தண்ணீரில் நின்று மேற்பார்வை செய்யுங்கள். சிட்டையா, உனக்கு என்ன பரிசு வேண்டும், கேள்!"

"அந்த ஓலைக்கட்டு போதும், மன்னா."

பண்டிதர் மனமில்லாமல் கொடுத்தார். சிட்டையன் அதை மாடத்தியிடம் நீட்ட, அவள் வாங்கி வெள்ளாவி அடுப்பில் செருகினாள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். அன்றைக்கு அது பிரதானியின் இன்னொரு வேட்டியை வெளுக்க உதவியது.