பூசட்டுமா?

மடத்து மேனேஜர் தணிகாசலத்துக்கு வயசு ஐம்பத்தெட்டு. அவரோட குரு, மடத்துத் தலைவர் சாமிக்கு முப்பத்தாறுதான். ஆனாலும் சாமி முன்னாடி வந்துட்டா நம்மாளு ரெண்டா மடிஞ்சு, வாயைப் பொத்திக்கிட்டுத்தான் பேசுவாரு. அதே ஆளு மடத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க முன்னாடி போனா மைக் செட்டே வேணாம். "ஏய்ய்ய்! வரிசை! வரிசை!"

ஒரு நாள் கேட்டாரு. "சாமி, பேப்பரைத் திறந்தா பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்ககிட்ட எவனோ தப்பா நடந்துக்கிட்டான்னுதான் சேதி. நம்ம பிள்ளைங்களை எப்படிக் காப்பாத்துறது? சுவரை ரெண்டடி ஏத்திடலாமா?"

"சுவரா?" சாமி சிரிச்சாரு. "நாளைக்குத் திருநீறு பூசுறப்போ பக்கத்துல நில்லுங்க."

தினம் காலையில சாமி தன் கையாலயே ஒவ்வொரு பிள்ளை நெத்தியிலயும் திருநீறு பூசுவாரு. பெரிய பெரிய ஆளுங்கல்லாம் அந்தக் கைக்குத் தவம் கெடப்பாங்க.

சொன்ன மாதிரியே மறுநாள் பக்கத்துல நின்னு பார்த்தா, பூசுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு பிள்ளைகிட்டயும் கேக்குறாரு: "பூசட்டுமா?"

பிள்ளைங்க முழிச்சுதுங்க. தலையாட்டுச்சுங்க. நாலாம் வகுப்பு இளவேனில் வந்தா.

"பூசட்டுமா?"

"வேணாம்."

தணிகாசலம் பாய்ஞ்சு வந்தாரு. "சாமிகிட்டயேவா! என்ன திமிரு! காட்டு நெத்தியை!"

சாமி அவரைத் தடுத்தாரு. நீட்டின கையை மடக்கிக்கிட்டாரு. "சரிம்மா" அப்படின்னுட்டு அடுத்த பிள்ளைகிட்ட போயிட்டாரு.

மறுநாள் ஆறு பேரு வேணாம்னாங்க. அதுக்கு மறுநாள் பதினாலு. ஒரு பொடிசு, "எனக்கு மூக்குல பூசுங்க"ன்னுச்சு. சாமி பூசினாரு!

"மடமா இது, மீன் மார்க்கெட்டா?" தணிகாசலம் தலையில அடிச்சுக்கிட்டாரு.

அஞ்சாம் நாள் எல்லாரும் போனதுக்கப்புறம் இளவேனில் மட்டும் நின்னா.

"சாமி, நீங்க வேணாம்னா விட்டுடுறீங்க."

"ஆமாம்மா."

"யோகா சார் விட மாட்டேங்கிறாரு. யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னாரு."

அந்தச் சின்ன வாய்க்கு எவ்வளவு தைரியம் பாருங்க! பக்கத்துல நின்ன தணிகாசலம் கையிலிருந்த திருநீத்துத் தட்டைக் கீழ வச்சுட்டாரு.

சாமி கொஞ்சம் தள்ளித் தரையில உக்காந்தாரு. "சொன்னது ரொம்ப நல்லதும்மா. நான் நம்புறேன். உன்மேல ஒரு தப்பும் இல்ல. இனிமே அவரு உன் பக்கத்துல வர மாட்டாரு."

வேற எதையும் துருவல. அவளுக்குப் பிடிச்ச தமிழ் டீச்சரைக் கூப்பிட்டு அவகூட இருக்கச் சொன்னாரு. அம்மாவுக்குத் தகவல் போச்சு. யோகா வகுப்பு அந்த நிமிஷமே நின்னுச்சு.

"தணிகாசலம், போன் போடுங்க. பத்து ஒம்பது எட்டு. குழந்தைங்க உதவி நம்பர்."

நம்மாளு குரல் இறங்கிப்போச்சு. "சாமி... பன்னெண்டு வருஷமா இருக்கிற மனுஷன். போலீசு கேசுன்னா டிவிக்காரன் வாசல்ல வந்து நிப்பான். பேசாம இன்னைக்கே மூட்டையைக் கட்டி அனுப்பிடலாமே? நம்ம பிள்ளைங்க தப்பிச்சுடும்."

"அனுப்பிடலாம்" அப்படின்னாரு சாமி. "அடுத்த வாரம் அவரு எந்த ஊர்ப் பிள்ளைங்களுக்கு யோகா சார், தணிகாசலம்?"

தணிகாசலம் போனை எடுத்து, ஒவ்வொரு நம்பரா அழுத்தினாரு.