தளர்ந்த முதல் கண்ணி

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவர், கோத்தகிரியில் என்னுடன் பணியாற்றிய தையலாசிரியை எஸ்தர் ஞானமணி. நான் பின்னத் தொடங்கியிருந்த கம்பளியின் முதல் வரிசையைச் சுண்டுவிரலால் தூக்கிப் பார்த்துவிட்டு, "எல்லாக் கண்ணிகளையும் தளர விட்டிருக்கிறீர்கள். மேலே பின்னாதீர்கள்" என்றார். பிறகு சொன்னார்.

பறவைகள் தமக்குள் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், தூக்கணாங்குருவிகளிடையே ஒரு வழக்கம் இருந்தது. ஆண்குருவி கூட்டை முழுவதும் முடித்த பிறகே பெண்குருவி அதைப் பார்க்க வரவேண்டும். பாதிக் கூட்டைப் பார்த்தால் கண்பட்டுவிடும் என்று எல்லாரும் நம்பினார்கள்.

கிணற்றுமேட்டுப் பனையில் பொன்முடி என்னும் ஆண்குருவி கூடு கட்டத் தொடங்கிற்று. ஓலை நுனியில் முதல் கண்ணிகளைப் போட்டபோது அதற்கு ஒரே அவசரம். பக்கத்துக் கூடுகளை முந்திவிட வேண்டும். கண்ணிகள் தளர்ந்து தொங்கின.

கீழேயிருந்த பூவரச மரத்தில் ஊசிவால் என்னும் தையல்சிட்டு தன் கூட்டுக்காக இலை தைத்துக்கொண்டிருந்தது. அது நிமிர்ந்து பார்த்தது.

"அண்ணா, முதல் வரிசை நெகிழ்ந்திருக்கிறதே."

"மேலும் முடைய முடைய இறுகிவிடும், தங்கச்சி."

"இறுகாது. கனம்தான் ஏறும். இப்போதென்றால், தளர்வை ஒரு கண்ணியிலிருந்து அடுத்த கண்ணிக்குத் தள்ளிக்கொண்டே போய்க் கடைசி நுனியில் வெளியே இழுத்துவிடலாம். அடுத்த வரிசை போட்டுவிட்டால் எதை இழுப்பீர்கள்?"

"இரண்டு இலையை ஒட்டுப்போடுகிறவள் எனக்கு முடையக் கற்றுத் தருகிறாயா?"

"ஒட்டுப்போட்டாலும் என் கூடு ஆடாது, அண்ணா" என்று சிரித்த ஊசிவால், தான் சேர்த்து வைத்திருந்த பருத்தியிலிருந்து ஏழு இழைகளை எண்ணிக் கொடுத்தது. "கண்ணிகளை இறுக்கிவிட்டு இவற்றால் கட்டுங்கள். அடுத்த பருத்தி வெடிக்கும்போது திருப்பித் தந்தால் போதும்."

பொன்முடி இழைகளை வாங்கிக்கொண்டது. ஆனால் முதல் வரிசையைத் தொடவில்லை. வெள்ளை வெளேரென்றிருந்த ஏழு இழைகளையும், காண்போர் கண்ணில் படும்படி வாசலில் செருகிக்கொண்டது.

பதினெட்டாம் நாள் கூடு முடிந்தது. மெல்லி என்னும் பெண்குருவி பார்க்க வந்தாள். கூட்டின் உச்சியில் அமர்ந்த அந்தக் கணத்திலேயே, காலடியில் கண்ணி நழுவுவதை உணர்ந்தாள். மீண்டும் ஒருமுறை காலை அழுத்திப் பார்த்தாள். நழுவியது.

"எப்படி இருக்கிறது?" என்று கேட்டது பொன்முடி. அதன் அலகில் சேறு காய்ந்திருந்தது. இறகுகள் பிய்ந்திருந்தன. பனை முழுவதும் பதிலுக்காகக் காது கொடுத்துக்கொண்டிருந்தது.

"அழகாக இருக்கிறது" என்றாள் மெல்லி.

மூன்று முட்டைகள் இட்டாள். இரை தேடப் போகும்போதெல்லாம் ஓலை நுனியைத் திரும்பிப் பார்ப்பாள். ஒரு பிற்பகலில் அவள் வயலில் இருந்தபோது காற்று அடித்தது. பெருங்காற்று கூட இல்லை. மற்றக் கூடுகள் ஊசலாடி நின்றன. பொன்முடியின் கூடு மட்டும் ஓலை நுனியை விட்டு வழுக்கிக் கிணற்றில் விழுந்தது. கூட்டில் ஓர் இழைகூட அறுந்திருக்கவில்லை.

கிணற்றுச் சுவரில் இருவரும் அமர்ந்திருந்தார்கள்.

"யாராவது முதலிலேயே பார்த்துச் சொல்லியிருந்தால்..." என்றது பொன்முடி. உடனே ஊசிவாலின் நினைவு வந்து அது தலையைத் தாழ்த்திக்கொண்டது.

"நானும் பார்த்தேன்" என்றாள் மெல்லி. "வந்த அன்றைக்கே கால் சொல்லிற்று."

"பிறகு ஏன் சொல்லவில்லை?"

"பதினெட்டு நாள் உழைப்பை என் முன்னே வைத்துவிட்டல்லவா கேட்டீர்கள்? அந்த முகத்தைப் பார்த்து எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. சொல்லியிருக்க வேண்டும்."

சில நாள்களுக்குப் பின் பொன்முடி மறுபடியும் நார் கிழிக்கத் தொடங்கிற்று. கூடு பாதியளவு வந்ததும், "வந்து இழுத்துப் பார்" என்று தானே அழைத்தது. கண்பட்டுவிடும் என்று பனையில் கூச்சல் எழுந்தது. மெல்லி முதல் கண்ணியை அலகால் பற்றி இழுத்தாள்; "இது வேண்டாம்" என்றாள். அதை அப்படியே தொங்கவிட்டு, பொன்முடி வேறோர் ஓலையில் தொடங்கிற்று. அதுவும் வேண்டாமென்றாள். மூன்றாவது அசையவில்லை.

அன்று முதல்தான் தூக்கணாங்குருவியின் பேடு பாதிக் கூட்டிலேயே வந்து இழுத்துப் பார்க்கிறது. அது வேண்டாமென்ற அரைக்கூடுகள் இன்றும் பனையோலைகளில் ஆளில்லாமல் ஆடிக்கொண்டிருக்கின்றன.

விழுந்த மூன்று முட்டைகளுக்கு ஈடு கிடையாது. கிணற்றில் மிதந்த கூட்டிலிருந்து உருவியவை நான்கு, புதிதாக வெடித்த பருத்தியிலிருந்து எடுத்தவை மூன்று என, மெல்லி ஊசிவாலிடம் திருப்பிக் கொடுத்தவை ஏழு இழைகள்.