கல்லூரியின் கருத்து அல்ல

கொக்கலூர்க் கல்லூரியில் அறிவுக்குப் பஞ்சம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. வேண்டிய அளவு இருந்தது. எடுத்துச் செலவழித்தால் தீர்ந்துபோகுமோ என்ற அச்சத்தில் அதைப் பத்திரமாக வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

தேர்தல் நெருங்க நெருங்க, தாளாளர் ஆவுடையப்பனுக்கு உறக்கம் குறைந்தது. கல்லூரி ஓர் அறக்கட்டளையைச் சேர்ந்தது. அதற்கு வரிவிலக்கு உண்டு. விலக்கு இருந்ததால் நன்கொடை வந்தது. நன்கொடை வந்ததால் விடுதியில் ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசமாகச் சோறு வெந்தது. இந்த நேரம் பார்த்து, தொகுதியின் வேட்பாளர்கள் இருவரும் மாணவர்களிடம் பேச வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். ஒருவர் கால்நடை மருத்துவர் அழகுவேல். மற்றவர் வழக்கறிஞர் செந்தாமரை.

ஆவுடையப்பன் ஆடிட்டர் சேஷகிரியைத் தேடி ஓடினார். மகளின் பிரசவத்துக்கு ஊருக்குப் புறப்பட்டிருந்த சேஷகிரி, ரயில் படியில் நின்றபடியே விதியை விளக்கினார்.

"வரட்டும், பேசட்டும். ஆனா கல்லூரி யாரையும் ஆதரிக்கிற மாதிரி இருக்கக் கூடாது. பேசுறது அவங்க சொந்தக் கருத்து, கல்லூரியோட கருத்து இல்லைன்னு அறிவிச்சிடுங்க. அப்புறம், ஒருத்தருக்கு என்ன நடக்குதோ அதேதான் அடுத்தவருக்கும் நடக்கணும். இம்மி பிசகினாலும் விலக்கு போயிடும்!"

ரயில் நகர்ந்துவிட்டது. மேற்கொண்டு கேட்க ஆள் இல்லை.

அன்று மாலையே ஆவுடையப்பன், முதல்வர் கோமதிநாயகத்தையும் உடற்கல்வி இயக்குநர் பால்சாமியையும் கூட்டி வைத்து ஆலோசித்தார்.

"அறிவிப்பை எப்பச் சொல்லணும் அண்ணாச்சி?" என்றார் முதல்வர்.

"கருத்துச் சொல்லும்போது சொல்லணும்வே."

"எது கருத்து, எது கருத்து இல்லன்னு நாமளா முடிவு பண்ண முடியுமா? அப்படி முடிவு பண்ணினா, அதுவே கல்லூரியோட கருத்தா ஆயிராதா?"

இப்படி ஒரு மனிதரைக் குறைந்த சம்பளத்தில் வைத்திருக்கிறோமே என்று ஆவுடையப்பனுக்கு உள்ளூர வெட்கமாகக்கூட இருந்தது. பேச்சாளர் வாயிலிருந்து வரும் ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பிறகும் அறிவிப்பது என்று முடிவாயிற்று. மைதானத்தின் அடுத்த கோடிவரை கேட்கும் குரல் பால்சாமிக்கு இருந்ததால், இரண்டாவது மைக் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

முதல் நாள் அழகுவேல் மேடையேறினார்.

"எல்லாருக்கும் வணக்கம்."

"இது பேச்சாளரின் சொந்தக் கருத்து," என்று முழங்கினார் பால்சாமி. "கல்லூரியின் கருத்து அல்ல."

அழகுவேல் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தார். "இது ரொம்ப நல்ல கல்லூரி."

"இது பேச்சாளரின் சொந்தக் கருத்து. கல்லூரியின் கருத்து அல்ல."

"யோவ், மாட்டுக்கு நாலு காலு. இதுல என்னய்யா கருத்து இருக்கு?"

அதுவும் கல்லூரியின் கருத்து அல்ல என்று அறிவிக்கப்பட்டது. விலங்கியல் துறையினர் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

மனம் வெறுத்துப்போய் அண்ணாந்து பார்த்த அழகுவேல், அப்போதுதான் மேடைப் பந்தலின் மூலைக்கம்பைக் கவனித்தார். செல்லரித்த மூங்கில் அது.

"ஐயையோ, பந்தல் சாயுது! எல்லாரும் எந்திரிங்க!"

"இது பேச்சாளரின் சொந்தக் கருத்து. கல்லூரியின் கருத்து அல்ல."

கல்லூரிக்கே அப்படித் தோன்றவில்லை என்றான பிறகு யார் எழுந்திருப்பார்கள்? மேடைமேல் பந்தல் சரிந்தது. தென்னங்கீற்றுதான் என்பதால் பெரிய சேதம் இல்லை. அழகுவேல் நெற்றியில் எலுமிச்சை அளவுக்கு ஒரு புடைப்போடு வீடு திரும்பினார்.

ஆவுடையப்பனுக்கு அதன் பிறகுதான் உண்மையான கலக்கம் பிடித்தது. மறுநாள் செந்தாமரை வருகிறார்.

"டாக்டர் மேல பந்தல் விழுந்திருக்கு. அந்தம்மா மேல விழலேன்னா என்னவே ஆகும்?"

"நாம அந்தம்மாவை ஆதரிக்கோம்னு ஆயிரும், அண்ணாச்சி."

"விலக்கு?"

"போயிரும்."

பந்தல்காரர் புது மூங்கில் கொண்டுவந்து இறக்கினார். இப்படியா பாரபட்சம் காட்டுவது என்று அவரைக் கடிந்து திருப்பி அனுப்பிவிட்டு, பழைய மூங்கிலையே தேடி எடுத்து நட்டார்கள். பால்சாமி அளவு நாடாவைப் பிடித்து, மருத்துவர் நின்ற இடத்தைக் கண்டுபிடித்து, ஓட்டப்பந்தயத்துக்குக் கோடு போடும் சுண்ணாம்புத் தூளால் வட்டம் போட்டார்.

"புடைப்பும் அதே அளவு வரணுமே?" என்றார் முதல்வர்.

"அது அவங்கவங்க நெத்தியைப் பொறுத்தது," என்றார் ஆவுடையப்பன். "வாய்ப்பைத்தான் நாம சமமாக் கொடுக்க முடியும்."

செந்தாமரை வந்தார். வட்டத்துக்குள் நின்று பேசினார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அறிவிப்பு முறையாக வந்தது. வழக்கறிஞர் ஆயிற்றே, குறுக்கீடு அவருக்குப் பழக்கம். தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனார். பந்தல் மட்டும் அசையவில்லை.

ஆவுடையப்பன் மூலைக்கம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். விடுதிச் சமையற்கட்டிலிருந்து சாம்பார் கொதிக்கும் மணம் வந்தது.

"கடைசியா ஒரே ஒரு வார்த்தை," என்றார் செந்தாமரை.

இனிப் பொறுக்க முடியாது. ஆவுடையப்பன் பாய்ந்துபோய்க் கம்பைக் கட்டிப்பிடித்து உலுக்கினார். முதல்வரும் ஓடிவந்து தோள் கொடுத்தார். பால்சாமி மைக்கை ஒரு கையில் வைத்துக்கொண்டு மறுகையால் ஆட்டினார்.

"தாளாளர் ஐயா! கம்பை எதுக்கு ஆட்டுதீங்க? எம்மேல பந்தலைத் தள்ளவா பாக்கீங்க?"

"இது பேச்சாளரின் சொந்தக் கருத்து. கல்லூரியின் கருத்து அல்ல."

செந்தாமரை வட்டத்தைத் தாண்டி மேடையிலிருந்து குதித்தார். அதே நொடியில் பந்தல், தன்னை ஆட்டிய மூவர் மேலேயே சரிந்தது.

கீற்றுக் குவியலுக்கு அடியிலிருந்து ஆவுடையப்பனின் நடுங்கும் குரல் மட்டும் கேட்டது. "அம்மா... உங்களுக்கு அடி ஏதும் பட்டுச்சா?"

இவ்வளவுக்கும் பிறகு நம்மைப் பற்றி விசாரிக்கிறாரே என்று செந்தாமரைக்கு மனம் இளகிவிட்டது. "இல்ல ஐயா, எனக்கு ஒண்ணுமே ஆகல. நான் நல்லாத்தான் இருக்கேன்!"

ஆவுடையப்பன் கண்ணை மூடிக்கொண்டார். எல்லாம் போயிற்று. விலக்கு, நன்கொடை, பிள்ளைகளின் சோறு.

அப்போது அவருக்குப் பக்கத்தில், ஓலைகளுக்கு நடுவே, பால்சாமியின் மைக் கரகரத்தது.

"இது பேச்சாளரின் சொந்தக் கருத்து. கல்லூரியின் கருத்து அல்ல."

ஆவுடையப்பன் அப்போதுதான் நிம்மதியாக மூச்சுவிட்டார்.